பாதியில் நிற்கும் படிப்பின் அடக்க விலை

நம் சங்க உறுப்பினர்களின் வீடுகளில் ஒரு கணக்கு எடுத்துப் பார்த்தால், கல்லூரியில் சேர்ந்து முதலாண்டோ இரண்டாமாண்டோ படித்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்ட பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். தகப்பனாருக்கு உடம்புக்கு முடியாமல் போயிருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரிந்து கடையில் ஆள் இல்லாமல் போயிருக்கும். 2020-ல் கொரோனா ஊரடங்கில் கல்லூரி மூடிக் கிடந்தபோது கல்லாவில் வந்து உட்கார்ந்த பையன், கல்லூரி திறந்த பிறகும் எழுந்து போகாமலே இருந்திருப்பான். பெண் பிள்ளைகள் என்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான், கல்யாணம்.

இந்தப் பிள்ளைகளைக் குறிவைத்துத்தான் இப்போது கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம் வருகிறது. வீட்டிலிருந்தே பி.பி.ஏ., கடையில் இருந்துகொண்டே பி.காம்., ஏற்கெனவே படித்தது வீணாகாது, மாதத் தவணை வசதி உண்டு என்றெல்லாம். இவற்றில் உண்மையும் இருக்கிறது, புரட்டும் இருக்கிறது. சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் மண்டியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற அரை மணி நேரத்தில், துவரம் பருப்பு விலைக்கு அடுத்தபடியாக என்னிடம் விசாரிப்பது இதைத்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆனால் என் மண்டிக் கணக்கர் ஒருவருக்கும், உறவில் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தச் சேர்க்கை விவகாரத்தை முன்னின்று பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடலாம். கடையில் உட்காருகிற பையனுக்குப் பட்டம் எதற்கு என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். இருபது வருடங்களுக்கு முன் நானும் அந்தக் கேள்விக்குத் தலையாட்டியிருப்பேன். இன்று மாநகரங்களில் பத்து நிமிடத்தில் உப்பு புளி மிளகாய் வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. பெரிய கம்பெனிகளின் கடைகள் தாலுகா ஊர்கள் வரை வந்துவிட்டன. நம் தெருவிலேயே ஷட்டரை இறக்கியவர்களை நாம் பார்க்கவில்லையா? கடை நடக்கிறவரை பட்டம் வேண்டாம்தான். கடை நின்றுபோகும் நாளில் முப்பத்திரண்டு வயதுப் பையன் கையில் என்ன இருக்கிறது? வங்கி கிளார்க் தேர்வுக்கு விண்ணப்பிக்கக்கூட ஒரு பட்டம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்கும் அப்படியே. பையன் வேலைக்குப் போகிறானோ இல்லையோ, போகக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். தீ விபத்து இன்ஷூரன்ஸ் கட்டுகிற நாம், கடையில் தீப்பிடிக்கும் என்று எதிர்பார்த்தா கட்டுகிறோம்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிப் படிப்பை இப்போது வருடக் கணக்கில் மட்டும் அளப்பதில்லை. கிரெடிட் கணக்கில் அளக்கிறார்கள். நம் பேச்சில் கிரெடிட் என்றால் கடன். படிப்பில் கிரெடிட் என்றால் வரவு. ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சி பெற்றால் மாணவர் கணக்கில் மூன்றோ நான்கோ கிரெடிட் வரவாகும். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022-ல் வெளியிட்ட திட்டப்படி மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்கு வருடப் பட்டத்துக்கு 160. நம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மூன்று வருடத்துக்கே 140 என்று வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் சேர்த்த வரவை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதைத்தான் கிரெடிட் மாற்றம் என்கிறார்கள்.

இதற்காக 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு வங்கியே தொடங்கியது. பெயர் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், சுருக்கமாக ஏ.பி.சி. பணம் போடும் வங்கியில்லை, பாடம் போடும் வங்கி. மாணவர் ஆதாரைக் கொண்டு ஒரு கணக்குத் திறந்துகொண்டால், அவர் தேறிய பாடங்களின் கிரெடிட்டைக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ அதில் ஏற்றிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வங்கியில் மூன்று நிபந்தனைகள் உண்டு, மூன்றையும் விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை. 2021-22 கல்வியாண்டுக்கு முன் படித்தவை இதில் வராது. ஏற்றிய கிரெடிட்டுக்கு ஏழு வருடம்தான் ஆயுள், அதன்பின் காலாவதி. பட்டம் கொடுக்கப்போகிற பல்கலைக்கழகத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டைப் படித்தாக வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் முழுதாக முடித்து 80 கிரெடிட் வைத்திருக்கிற பையன், மீதி 40 மட்டும் படித்தால் போதும் என்று நினைப்பான். 120 கிரெடிட் பட்டத்தில் 60 அந்தப் புதிய இடத்தில் படிக்க வேண்டும் என்பதால், அவன் கொண்டுபோகும் 80-ல் 60-க்குத்தான் மதிப்பு. மீதி 20 கழிவு. அந்த 60-ம்கூடப் பாடம் பொருந்தினால்தான். பி.எஸ்சி. இயற்பியலில் ஒரு வருடம் படித்தவன் பி.பி.ஏ.வில் சேர்ந்தால், இயற்பியல் பாடங்களைப் புதிய இடத்தார் பிரதான பாடமாக எடுக்கமாட்டார்கள். தமிழ், ஆங்கிலம் போன்ற மொழிப் பாடங்களைத்தான் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பி.காம். பாதியில் விட்டவன் பி.காம்.-இலேயே தொடர்ந்தால் கழிவு குறைவு. அதனால்தான், நம் பிள்ளைகளுக்கு பி.காம். நல்லதா பி.பி.ஏ. நல்லதா என்று கேட்பவர்களிடம், முன்னால் எதைப் படித்தானோ அதற்குப் பக்கத்தில் இருப்பதே நல்லது என்கிறேன். முதலிலிருந்து தொடங்குகிறவன் என்றால் என் ஓட்டு பி.காம்.-க்கு. பேரேடு, வரி, செலவுக் கணக்கு எல்லாம் அதில் வருகிறது. விற்கும் கலையை அவன் நம் கடையிலேயே கற்றுக்கொள்ளட்டும்.

நம்மவர்கள் படிப்பு விசாரிக்கும்போது முதலில் கேட்பது, பருவத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று. இது மூட்டை விலையை மட்டும் கேட்டுவிட்டு லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக் குறைவு எதையும் கேட்காமல் சரக்குக்கு ஆர்டர் போடுவது போல. எந்த வியாபாரியும் அப்படிச் செய்யமாட்டான். கடைக்கு வந்து சேரும் அடக்க விலையைத்தான் பார்ப்பான். படிப்புக்கும் அடக்க விலை இருக்கிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுகிறேன். தொகைகள் கணக்குக்காகச் சொல்பவை. ஓரிடத்தில் பருவத்துக்கு 6,000 ரூபாய், இன்னோரிடத்தில் 8,000. பையன் முதலாண்டு, அதாவது இரண்டு பருவம் முடித்திருக்கிறான். 6,000 கேட்கிற இடத்தில் பழைய படிப்பை ஏற்கவில்லை. ஆறு பருவமும் படித்தால் 36,000. 8,000 கேட்கிற இடத்தில் இரண்டு பருவத்தை ஏற்றுக்கொண்டு மூன்றாம் பருவத்தில் சேர்க்கிறார்கள்; நான்கு பருவத்துக்கு 32,000. விலை அதிகம் சொன்ன இடம் 4,000 மலிவு, ஒரு வருடமும் மிச்சம். மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது. பழைய கிரெடிட்டை ஏற்கிறோம் என்பார்கள். பாடத்தின் எண்ணிக்கையும் குறையும். ஆனால் கட்டணம் ஆறு பருவத்துக்கும் முழுசாகக் கட்ட வேண்டும். தள்ளுபடி உண்டு, பில் தொகை மட்டும் மாறாது என்கிற கதை. நம் நாட்டில் பெரும்பாலும் பருவத்துக்கு இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம் வாங்குகிறார்கள். பாடக் கணக்கில் வாங்குவது குறைவு. ஆகையால் கிரெடிட்டை ஏற்றால் கட்டணம் குறையுமா, காலம் குறையுமா, இரண்டுமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், மாற்றுக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குவது நல்லது.

பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு 1985 முதல் நடந்துவரும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு. 120 கிரெடிட்டுக்கு 3,600 மணி நேரம். கடையைச் சாத்திவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் தினம் இரண்டு மணி நேரம் படிக்கிற பையனுக்கு இது 1,800 நாள். கிட்டத்தட்ட ஐந்து வருடம். இத்தனை மணி நேரமும் எல்லோரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். பழைய படிப்பிலிருந்து 24 கிரெடிட் ஏற்றுக்கொள்ளப்பட்டால் 720 மணி நேரம் மிச்சம். அதாவது தினம் இரண்டு மணி வீதம் ஒரு வருடத்து இரவுகள். இதற்கு ரூபாயில் என்ன விலை போடுவீர்கள்? கிரெடிட் மாற்றத்துக்காக நாலு கடிதம் எழுதி, இரண்டு முறை பல்கலைக்கழகத்துக்கு அலைய வேண்டியிருந்தாலும் அது லாபமே என்பது இதனால்தான்.

மாற்றத்துக்குப் போகும் முன் இன்னொன்று. பாதியில் நின்ற படிப்பு என்று நாம் சொல்கிறோமே, அவற்றில் கணிசமானவை உண்மையில் பாதியில் நின்றவை அல்ல. பையன் மூன்று வருடமும் போயிருப்பான்; இரண்டு பேப்பர் அரியர் இருக்கும்; வெட்கப்பட்டு வீட்டில் சொல்லியிருக்கமாட்டான். என் கணக்கரின் கதை அதுதான். எட்டு வருடமாக, படிப்பு பாதியில் நின்றுவிட்டது என்றே சொல்லிவந்தார். மதிப்பெண் பட்டியலை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தால், செலவுக் கணக்கியல் ஒரு பாடமும் புள்ளியியல் ஒரு பாடமும் மட்டும் நிற்கின்றன. பல்கலைக்கழகங்கள் பழைய அரியர்காரர்களுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிப்பதுண்டு. அந்த அறிவிப்புக்காகக் காத்திருந்து எழுதினார். புள்ளியியல் முதல் தடவை போய் இரண்டாம் தடவை தேறினார். கிரெடிட் மாற்றமும் வேண்டியிருக்கவில்லை, ஆன்லைனும் வேண்டியிருக்கவில்லை. அதே நபருக்கு ஒரு தனியார் மையம், புதிதாகச் சேர்ந்து படியுங்கள் என்று முழுப் படிப்புக்கும் கட்டணச் சீட்டு கொடுத்திருந்தது. எனவே பழைய மதிப்பெண் பட்டியல்களை எல்லாம் முதலில் மேஜைமேல் பரப்புங்கள்.

மருமகள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் பி.காம். இரண்டாமாண்டு படிக்கிற பெண்ணுக்கு நல்ல இடம் வந்தால் முகூர்த்தம் குறித்துவிடுகிறோம். கல்யாணத்துக்குப் பிறகு படிக்கட்டும் என்று இரு வீட்டாரும் வாக்குக் கொடுக்கிறோம். வாக்குக் கொடுத்தவர்கள் மறந்துவிடுகிறோம், பெண் மறப்பதில்லை. என் உறவில் ஒரு பெண், 2018-ல் சேர்ந்து நான்கு பருவம் முடித்தவள், இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு படிக்க வேண்டும் என்று மாமனாரிடம் கேட்டாள். அவர் என்னிடம் அனுப்பினார். 2021-22-க்கு முந்திய படிப்பு என்பதால் ஏ.பி.சி. கணக்கு உதவவில்லை. பழைய கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ், பழைய பல்கலைக்கழகத்தில் இடப்பெயர்ச்சிச் சான்றிதழ், நான்கு பருவ மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட நகலில் கல்லூரி முத்திரை, இவ்வளவும் வாங்க ஏழு வாரம் ஆயிற்று. பாடத்திட்ட நகல் இல்லாவிட்டால், பழைய பாடமும் புதிய பாடமும் பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். அது ஒன்றுக்காகவே மூன்று முறை போக வேண்டியிருந்தது. முடிவில் அவளை இரண்டாமாண்டில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாமாண்டில் சேரலாம் என்று எதிர்பார்த்தோம், கிடைக்கவில்லை. இருந்தாலும் ஒரு வருடம் கைக்கு வந்தது. இப்போது கடையின் ஜி.எஸ்.டி. கணக்கு முழுவதும் அவள் கையில்தான். வெளி ஆளுக்குக் கொடுத்துவந்த மாதச் சம்பளம் வீட்டிலேயே நிற்கிறது என்று அந்த மாமனார் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார். சம்பளத்தை மருமகளுக்குக் கொடுக்கிறாரா என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

புரட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சில்லறை வியாபாரியின் மகனிடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு படிப்பு மையம் 45,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பழைய கிரெடிட் எல்லாம் சேர்த்து ஒரே வருடத்தில் பட்டம் என்றது. பட்டம் வந்தது, தாளும் நன்றாகத்தான் இருந்தது. வங்கித் தேர்வுக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது செல்லாது என்றார்கள். மையம் அதற்குள் பலகையைக் கழற்றிவிட்டது. இதில் நமக்குத் தெரிய வேண்டியது, பல்கலைக்கழகங்கள் தங்கள் திறந்தநிலைப் படிப்பையோ ஆன்லைன் படிப்பையோ ஏஜென்சி கொடுத்து நடத்தக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. நமக்கு வினியோகஸ்தர், துணை வினியோகஸ்தர் என்றால் பழக்கமான ஏற்பாடு. படிப்பில் அந்த ஏற்பாட்டுக்கு இடமே இல்லை. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தப் பருவத்தில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் பட்டியல் போடுகிறது. ஜனவரிச் சேர்க்கைக்குத் தனி, ஜூலைச் சேர்க்கைக்குத் தனி. போன வருடம் அனுமதி இருந்தது என்பது இந்த வருடத்துக்குச் செல்லாது. லைசென்ஸ் புதுப்பிக்காத கடை மாதிரிதான். பல்கலைக்கழகம் எவ்வளவு பேர் பெற்றதானாலும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 முதல் இவ்வகைப் படிப்பில் சேருகிற ஒவ்வொருவரும் அதே தளத்தில் டி.இ.பி. அடையாள எண் எடுக்க வேண்டும். அதற்கு ஏ.பி.சி. எண் தேவை. மாணவர் தாமே எடுக்க வேண்டியது இது. எண் எல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் கண்ணுக்குச் சட்டென்று படுகிற அடையாளம் இன்னொன்று இருக்கிறது. சட்டப்படி அங்கீகாரமுள்ள பட்டப் படிப்புக்குப் பல்கலைக்கழகம் வாங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. தனியார் கம்பெனி தன் பெயரில் விற்கும் பயிற்சிக்கு 18 சதவீதம் வரி. ஆகவே பில்லில் 18 சதவீதம் போட்டிருந்தால் நீங்கள் வாங்குவது பட்டம் இல்லை, பட்டத்தோடு ஒட்டி விற்கிற வேறு சரக்கு. அது தேவையா என்று யோசித்துக்கொள்ளலாம். ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறதா, வேறு கம்பெனியின் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதத் தவணை என்று கையெழுத்து வாங்குவது பல இடங்களில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

ஹோட்டல் நடத்தும் நம் உறுப்பினர்கள் சிலர், ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டத்தை ஆன்லைனில் எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் முடியாது. ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங், சமையற்கலை ஆகியவற்றைத் திறந்தநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த யு.ஜி.சி. தடை விதித்திருக்கிறது, பொறியியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு உள்ள தடையைப் போல. நியாயமான தடை என்பேன். அடுப்பங்கரையைத் திரையில் காட்டிச் சமையல் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆகவே அந்தப் பெயரில் ஆன்லைன் பட்டம் என்று யார் விற்றாலும் விசாரிக்கவே வேண்டியதில்லை. தொழிலைத் தரமணி ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் போன்ற இடத்தில் நேரில் கற்கட்டும், அல்லது உங்கள் கடைச் சமையற்கட்டிலேயே கற்கட்டும். பட்டத்துக்கு பி.பி.ஏ. அல்லது பி.காம்.-ஐ வீட்டிலிருந்து படிக்கட்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றும் வலை வீசுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் படித்த கிரெடிட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது நெடுங்கால வழக்கம், அங்கு குடியிருப்பவர்களுக்கு அது நல்ல வழி. இங்கே உட்கார்ந்துகொண்டு வாங்குகிறவர்களுக்கு நல்லதா என்பதுதான் கேள்வி. அனுமதி பெறாத வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இங்குள்ள கம்பெனிகள் ஆன்லைனில் தரும் பட்டங்கள் செல்லாது என்று யு.ஜி.சி. 2023 டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளூரிலேயே மலிவான வழிகள் இருக்கின்றன. இக்னோவுக்குச் சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு. மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை இழுத்துப் படிக்கவும் விடுகிறார்கள், கடைக்காரனுக்கு இது பெரிய சௌகரியம். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் என்றால் தீபாவளி முடிந்து பொங்கல் சரக்கு வருவதற்கு முன். நமக்குத் தோதான மாதம். தமிழ்நாடு அரசு 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிறது. தமிழ் வழியிலேயே படிக்கலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். 2017-ல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகவே கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை அதன் கிரெடிட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால் என்பதுதான் முக்கியம். முதலில் எழுதிக் கேட்டுவிட்டு அப்புறம் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். பெங்களூர் ஐ.ஐ.எம். 2024-ல் ஆன்லைன் பி.பி.ஏ. தொடங்கியது; பெயர் பெரிது, செலவும் பெரிது, வசதியும் ஆர்வமும் உள்ளவர்கள் பார்க்கலாம்.

பிளஸ் டூ முடிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் என்று முன்பு ஒரு வழி இருந்தது. அதில் போனவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட தமிழக அரசின் 107-ஆம் எண் அரசாணைப்படி, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்து அதன்பின் பெற்ற திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். எனவே பிளஸ் டூ நிற்கிறதென்றால் முதலில் அதைத் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள். வரிசை மாறினால் பட்டம் இருந்தும் இல்லாததுபோல்தான். இந்த வரிசைப்படி அங்கீகாரமுள்ள இடத்தில் வாங்கிய திறந்தநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும், கல்லூரிக்குப் போய் வாங்கியதற்குச் சமம் என்று யு.ஜி.சி.யே 2022-ல் அறிவித்திருக்கிறது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் தபால் படிப்பா என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

என் கோரிக்கை நம் சங்கத்தாரிடம். மே 5 வணிகர் தினத்துக்குப் பந்தல் போடுகிறோம், மாலை போடுகிறோம், நல்லதுதான். சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டரும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ஜூலைச் சேர்க்கைக்கு முன் ஒரு மாதமும், ஜனவரிச் சேர்க்கைக்கு முன் ஒரு மாதமும், ஞாயிறு பிற்பகல் கடை அடைத்த நேரத்தில் இரண்டு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கினால் போதும். அனுமதிப் பட்டியலைத் திறந்து காட்டவும், ஏ.பி.சி. எண் எடுத்துக் கொடுக்கவும், பழைய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் படித்த இளைஞர் ஒருவர் இருந்தால் காரியம் நடக்கும். கடைப் பையன்களுக்கும் இந்த உதவி கிடைக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்தால் எனக்குச் சம்மதமில்லை. பன்னிரண்டு மணி நேரம் நம் கடையில் நிற்கிற பையன்களில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். தேர்வு நாட்களில் அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று தீர்மானமே போடலாம் என்பது என் கருத்து; சிலர் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அடுத்த செயற்குழுவில் இதை நான் எழுத்து மூலமாகக் கொடுக்கவிருக்கிறேன். அதற்குள், வீட்டில் பாதியில் நிற்கும் படிப்பு உள்ள உறுப்பினர்கள் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சேர்ந்த வருடம், நின்ற வருடம் ஆகிய விவரங்களை நகல் எடுத்துச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவைத்தால், எத்தனை பேர் என்று ஒரு கணக்குக் கிடைக்கும். மூலச் சான்றிதழை யாரிடமும் கொடுக்க வேண்டாம், சங்கத்திலும் வேண்டாம்.